பின் பிரேக் பிடித்துக்கொண்டால்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்களுக்காகக் கொட்டாஞ்சேனையில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் சம்பளச் சீட்டைப் பற்றிப் பேசினோம். இன்று பைக்கின் பின் பிரேக். சங்கக் கூட்டத்தில் இது எதற்கு என்று சிலர் சிரிக்கிறீர்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் நம் பிள்ளைகளில் பலர் ஓட்டுவது முதலாளியின் பழைய வண்டி. 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 இல்தான் மறுபடி திறந்தார்கள். இருபது வருடம் ஓடிய வண்டியும் இன்னும் வேலைக்கு நிற்கிறது.

பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் வண்டியைத் தள்ளும்போதே கனக்கும். பெடலை விட்ட பிறகும் பின் லைட் எரியலாம். கொஞ்ச தூரம் ஓடி நிறுத்திப் பின் சக்கரத்தின் டிரம் அருகே கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கும், தொட்டுவிடாதீர்கள். பெற்றோலும் வீணாகும். 2022 இல் கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீட்டர் வாங்கிய நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

பலர் உடனே செய்வது, ராட் நுனியில் உள்ள நட்டைத் தளர்த்திவிடுவது. சக்கரம் சுற்றும். ஆனால் உள்ளே இறுகியது இறுகியபடியே கிடக்கும். காலி வீதியில் முன்னால் போகும் பஸ் சடாரென்று நிற்கும்போது பெடல் அடிவரைக்கும் போகும், பிரேக் பிடிக்காது.

முதலில் குற்றம் எங்கே என்று பார்ப்போம். நடு ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்து, நட்டைக் கழற்றி ராடை விடுவியுங்கள். டிரம் பக்கத்தில் உள்ள ஆர்மைக் கையால் தள்ளி விடுங்கள். டக்கென்று திரும்பினால் உள்ளே குற்றமில்லை. பெடல் அச்சில் துரு, அல்லது பெடல் ஸ்பிரிங் தளர்வு. சோம்பலாகத் திரும்பினால் உள்ளே கேம் அச்சு இறுகியிருக்கிறது, அல்லது ஷூ ஸ்பிரிங் செத்துவிட்டது. பழைய வண்டிகளில் நாம் அதிகம் காண்பது கேம் அச்சுத்தான். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் இரவெல்லாம் நிற்கும் வண்டிக்கு உப்புக்காற்று போதாதா?

சக்கரத்தைக் கழற்றினால் ஷூ தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். ஆர்மைக் கழற்றுமுன் அச்சிலும் ஆர்மிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அச்சை எடுத்து எமரித் தாளால் துருவைத் தேய்த்து, வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். கிரீஸ் ஷூவிலோ டிரம்மிலோ பட்டால் பிரேக் போச்சு. ஷூ தேய்ந்திருந்தால் கேம் அளவுக்கு மிஞ்சித் திரும்பி அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆகவே ஷூவும் ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு பஞ்சிகாவத்தைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் கம்பியின் நட்டையும் பின்னையும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். அது கழன்றால் பிளேட்டே சுழன்றுவிடும்.

பெடலில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை சும்மா அசைவு இருந்தால் பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி. செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தால் ராடும் இறுகும். செயினைத் தொட்டவர் பிரேக்கையும் பார்க்கத்தான் வேண்டும். ரம்பொடை இறக்கத்தில் பழகிய காலைக் கொழும்பிலும் பெடல் மேலேயே வைத்து ஓட்டும் தம்பிமாரும் இருக்கிறீர்கள். அந்தச் சூட்டுக்கு வண்டி பொறுப்பில்லை.

இனிச் செலவு. கடை வேலைக்கு ஓடும் வண்டியின் ஷூவுக்கு ஓட்டுபவன் ஏன் காசு கொடுக்க வேண்டும்? 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, அனுமதித்த காரணங்களுக்கு வெளியே சம்பளத்தில் வெட்ட முடியாது. வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்க 1934 இன் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. "பிரேக் சரியில்லை" என்று வாயால் சொல்லி விடாமல், திகதியோடு முதலாளிக்குப் போனில் எழுதி அனுப்புங்கள்; படமும் எடுத்து வையுங்கள். நாரஹேன்பிட்டித் தொழிற் திணைக்களத்துக்குப் போக நேர்ந்தால் அந்தச் செய்தி உங்கள் கையில் இருக்கும்.

அடுத்த ஞாயிறு ஒரு பின் சக்கரத்தை இங்கேயே கழற்றிக் காட்டுவோம். ஸ்பானர் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், பழைய துணியும் கொஞ்சம்.