மறைந்துவிட்ட அறிகுறியும் எச்சரிக்கையே
(விழாவில் நிகழ்த்திய மருத்துவ உரை)



நோன்பு நாளில் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குத் திடீரென வாய் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, பட்டினியின் களைப்பென்று எண்ணிப் படுக்க வைத்துவிடாதீர்கள். மூளையின் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ நேரும் பக்கவாதத்தின் அறிகுறிகள் இவை. திடீர்ப் பார்வைக் குறைவும் நடைத் தடுமாற்றமும் இவற்றோடு சேரும்.

ஐயம் எழுந்தால் சிரிக்கச் சொல்லுங்கள். இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு சொற்றொடரைத் திருப்பிக் கூறச் சொல்லுங்கள். ஒன்று தவறினும், 2008 முதல் நம் மாநிலத்தில் கட்டணமின்றி இயங்கும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அறிகுறி தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விழுங்கும் ஆற்றல் குன்றியிருக்கக்கூடும். ஆதலின் நீரும் மாத்திரையும் தரலாகாது.

சில நிமிடங்களில் அறிகுறிகள் மறைவதும் உண்டு. அதனைக் குணமென்று கொள்ளற்க; பெருந்தாக்குதலின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். அப்பொழுதே மருத்துவமனை செல்க.

அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும்; அதற்குமுன் ஸ்கேன் எடுத்து இரத்தக்கசிவு இல்லையென அறிய வேண்டும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மாலை நெரிசலில் கழியும் நேரமும் இக்கணக்கில் அடங்கும். சென்ட்ரல் எதிரிலுள்ள அரசு பொது மருத்துவமனையில் இச்சிகிச்சை உண்டு. உங்கள் இல்லத்திற்கு அருகில் எங்குள்ளது என்பதை இன்றே அறிந்து வையுங்கள்.

இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்டே நோன்பு ஏற்க வேண்டும்; மருந்தைத் தாமாக நிறுத்துதல் ஆகாது.

சிற்றுயிர்க்கும் ஊறு நேராமல் அடியெடுத்து வைக்கும் நாம், நம் இல்லத்து முதியோரின் தடுமாற்றத்தையும் அதே விழிப்புடன் நோக்குவோமாக.