விளக்கொளியில் ஓர் ஊசி



பிற மாநிலங்களில் குடியேறி, ஓரளவு வசதியும் பெற்றுவிட்ட நம்மில் பலருக்கு, கிழிந்த துணியைத் தைத்து உடுத்துவது கௌரவக் குறைவாகத் தோன்றுகிறது. ஒரு காலத்தில் நானும் அவ்வாறே எண்ணினேன். அந்த எண்ணத்தை மாற்றிய ஓர் இரவைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

பாலக்காட்டின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே பிறந்தவன் நான். வளர்ந்ததோ மூணாற்றில், தேயிலை கொய்யும் என் அத்தையின் லயத்தில். இன்றைய கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது அதே மலையிலுள்ள பள்ளிவாசலில்தான். இன்று 780 மெகாவாட் திறனுள்ள இடுக்கி நிலையம் 1976-இல் தொடங்கியதும் எங்கள் மாவட்டத்தில்தான். ஆயினும் மழைக்காலத்தில் ஒரு மரம் கம்பியின்மேல் சாய்ந்தால் போதும். இரண்டு மூன்று நாள் எங்களுக்கு அரிக்கன் விளக்கே கதி.

1998-ஆம் ஆண்டு, பருவமழை கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவு. பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் சேர்வதற்காக, மறுநாள் விடியலில் மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியாக நான் புறப்பட வேண்டும். என்னிடம் இருந்த நல்ல கால்சட்டை ஒன்றே. அடுப்புக்கு மேலே உலர்த்தியிருந்த அதனை அவசரமாக இழுத்தபோது, ஆணியில் மாட்டி முழங்கால் கிழிந்தது. கடைவீதித் தையற்காரரின் மிதி இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஆனால் அவரோ மழைக்கு அஞ்சிக் கடையடைத்துப் போயிருந்தார்.

“போகட்டும் தம்பி, இங்கே கொண்டா” என்றார் அத்தை.

கால்சட்டையின் கீழ்மடிப்பைப் பிரித்து, உள்ளே மறைந்திருந்த துணியிலிருந்து சில இழைகளை உருவினார். அதே துணியின் இழை என்பதால் நிறம் வேறுபடாது. விளக்குக்கு முன்னே தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் புட்டியை வைத்தார்; சிதறிய ஒளி ஒன்றுதிரண்டு துணியின்மேல் விழுந்தது. மின்சாரம் தோன்றுமுன் ஐரோப்பாவில் சரிகைப்பின்னல் செய்த பெண்களும் நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளை இவ்வாறே பயன்படுத்தினர் என்பதைப் பின்னாளில் படித்து வியந்தேன். எழுத்தறியாத என் அத்தைக்கு அதனைக் கற்பித்தது தேவை ஒன்றே.

கிழிசலுக்கு அடியில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். ஓரத்திலுள்ள நல்ல துணியிலிருந்தே ஊசியைத் தொடங்கி, முதலில் பாவுபோல் நெடுக இழையோட்டினார். பிறகு ஊடுபோல் ஒன்றுவிட்டு ஒன்று கோத்து, குறுக்கே நெய்தார். இழையை இறுக்கினால் துணி சுருங்கும் என்பதால் சற்றே தளர விட்டார். வடநாட்டில் ‘ரபூ’ என்று நீங்கள் காண்பது இவ்வேலையே. முடிவில் பித்தளைச் சொம்பில் தணல் இட்டு, டெரிகாட்டன் பொசுங்காதிருக்க ஈரப் பருத்தித் துணியை மேலே விரித்துத் தேய்த்தார். நான் உறங்கச் சென்றபோது நள்ளிரவு கடந்திருந்தது. அவரோ விடிந்ததும் மழையில் கொழுந்து கொய்யச் செல்ல வேண்டியவர்.

மறுநாள் கல்லூரியில் அந்தத் தையலை எவரும் கவனிக்கவில்லை. இருந்தும், அமர்ந்திருந்த நேரமெல்லாம் சான்றிதழ் உறையால் முழங்காலை மூடியபடியே இருந்தேன். திரும்பி வந்ததும், “யாராவது பார்த்தாங்களா தம்பி?” என்று அத்தை கேட்டார். “இல்லை அத்தை” என்றேன். அது உண்மைதான், ஆனால் மூடிவைத்ததை மட்டும் சொல்லவில்லை. அந்த இரவின் உழைப்பை மறைத்தேனே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

2017-இல் கேரளம் முழுமையாக மின்வசதி பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது, மகிழத்தக்க செய்தி. எனினும் ஊசி பிடிக்கும் விரல்களை நாம் இழக்க வேண்டியதில்லை. சென்ற மாதம் என் மகளின் பள்ளிச் சட்டை முழங்கையில் கிழிந்தது. புதியது வாங்கலாம் என்றாள். நான் மடிப்பைப் பிரித்து இழை உருவினேன். என் நெசவு கோணலாகவே அமைந்தது. ஆயினும் அதனை அவள் மறைக்காமல் அணிந்து சென்றாள்.

உங்கள் இல்லத்திலும் ஓர் ஊசிப்பெட்டி இருக்கட்டும், நேயர்களே. பொழுது சாயுமுன் இரண்டு ஊசிகளில் நூல் கோத்து வையுங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.