94-லயே நிக்குதா?

எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி: "300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன். கேபிள் சொருகினாலும் 94-ஐ தாண்டல. டிரைவர் பிரச்சினையா?"

அந்த 94-ஐ கவனிங்க. 100 எம்பிபிஎஸ் லிங்க்ல, ஹெடர் எல்லாம் போக நமக்குக் கிடைக்கிறது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது, உங்க ஈதர்நெட் சிப் ஜிகாபிட்ல ஓடல.

கேபிளுக்குள்ள எட்டு கம்பி, நாலு ஜோடி. 100-க்கு ரெண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நாலும் வேணும். மத்த ரெண்டு ஜோடியில ஒரு கம்பி விட்டுப்போனாலும், பல சிப்புங்க லிங்க்கை அறுக்காம சத்தமில்லாம 100-க்கு இறங்கிடும். நெட் வந்துட்டே இருக்கும், அதனால கேபிள் மேல யாருக்கும் சந்தேகம் வராது. இந்த நல்ல மனசு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது!

விண்டோஸ்ல நெட்வொர்க் செட்டிங்ஸ்ல லிங்க் ஸ்பீடு பாருங்க, லினக்ஸ்னா ஈத்டூல். 100-னு காட்டினா, புது கார்டுக்குக் காசு செலவழிக்காதீங்க. முதல்ல ரவுட்டர் போர்ட் ஜிகாபிட்டான்னு பாருங்க, பழைய ரவுட்டர்ல பலதுக்கும் 100 தான். அது சரின்னா கேபிளை மாத்துங்க. 1000-னு காட்டியும் வேகம் வரலையா? அப்போ டிரைவரைப் பத்திப் பேசலாம்.