வேதாளம் கேட்காத கேள்வி

(மாலைப் படிப்பகத் தோழர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடத்தில் தரும் ஒப்படைப்புகளுக்கு விக்கிரமாதித்தன் - வேதாளம் கதைகளைப் பயன்படுத்துவது பற்றிப் பேசச் சொன்னீர்கள். போன கூட்டத்தில் ஒரு தோழர் கோபமாகவே கேட்டார்: 'பார்ப்பனக் குப்பைய நம்ம பிள்ளைங்க தலையில நாமளே கொட்டணுமா?' நியாயமான கோபம்தான். ஆனா பிள்ளைங்க நம்மைக் கேட்டுக்கொண்டு படிப்பதில்லையே. 1947 ஜூலையில் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது அம்புலிமாமா. மூலத்தில் இருந்த 25 கதைகள் தீர்ந்த பிறகும் புதிது புதிதாகக் கட்டி, வேதாளத்தை முருங்கை மரத்தில் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். பத்திரிகை நின்றுபோய்விட்டது. ஓவியர் சங்கரும் 2020இல் இறந்துவிட்டார். தோளில் பிணம், கையில் வாளோடு அவர் வரைந்த ராஜா மட்டும் பழைய பேப்பர் கடைக் கட்டுகளிலிருந்து நம் படிப்பகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறான். பிள்ளைகளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. பேய்க்கதை யாருக்குத்தான் பிடிக்காது?

எனக்குக் கதையைவிட அதிலிருக்கிற ஏற்பாடுதான் முக்கியம். வேதாளம் கதையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் ராஜாவின் தலை வெடித்துவிடும். நம் வகுப்பறையில் நேர்மாறு, வாய் திறந்த பிள்ளைக்குத்தான் குட்டு. தெரிந்தும் சும்மா இருப்பவன் தலை சிதறட்டும் என்கிற ஒரு கதையை எதற்காக நாம் அவர்களுக்கே விட்டுக்கொடுக்க வேண்டும்? (மறுவாசிப்பு, கட்டுடைப்பு என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தச் சொல்லெல்லாம் வேண்டாம்.)

சிக்கல் ராஜாவின் பதிலில் இருக்கிறது. சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் எழுதிய கதாசரித்சாகரத்துக்குள் இந்தக் கதைகள் வருகின்றன. அதில் அனங்கரதி என்கிற அரசன் மகளை நாலு பேர் பெண் கேட்கிறார்கள். சூத்திரன் நெசவாளி, தினம் 5 ஜோடித் துணி நெய்கிறவன். வைசியனுக்கு மிருகங்கள், பறவைகளின் பாஷை தெரியும். சத்திரியன் வாள்வீரன். பிராமணன் செத்தவரை எழுப்புவான். பெண் யாருக்கு? ராஜா தடுமாறவே இல்லை. சூத்திரனுக்கு எப்படிக் கொடுப்பது? வைசியனின் பாஷையால் என்ன பயன்? பிராமணனோ தன் கர்மத்தை விட்டவன். ஆகவே சத்திரியனுக்கே. மனுவை ஒப்பித்ததற்கு அறிவாளி என்று பேர்! வேதாளமும் அதைச் சரியான விடையாக எடுத்துக்கொண்டு மரம் ஏறிவிடுகிறது.

நாங்கள் கேள்வி வரைக்கும் சத்தமாகப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். ராஜா சொன்னதை அன்றைக்குச் சொல்வதில்லை. தங்கள் பதிலையும், வேதாளம் கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வியையும் பிள்ளைங்க எழுதணும். தமிழுக்கு அது கட்டுரை, சமூக அறிவியலுக்கு வருணம் பற்றி ஒரு பக்கம். நெசவாளி 5 ஜோடியில் ஒன்றைச் சாமிக்கும் ஒன்றைப் பிராமணனுக்கும் கொடுத்துவிட்டு, ஒன்றை விற்றுத்தான் சாப்பிடுகிறான். கணக்கு நடத்துகிற தோழர் இதையே பின்னத்துக்கு வைத்துக்கொண்டார். எட்டாவது படிக்கிற பையன் எழுதினான்: 'நாலு பேர்ல வேலை செஞ்சு சாப்புடறது நெசவுக்காரன் மட்டும்தான். அவனுக்குத்தான் இல்லையாம்.' இன்னொரு பிள்ளை: 'அந்த அக்காவுக்கு யாரப் புடிச்சிருந்துச்சுன்னு வேதாளம் ஏன் கேக்கல?'

ஏழாவது படிக்கிற ஒரு பெண்ணின் தாத்தா சுடுகாட்டில் வேலை பார்த்தவர். அவள் எழுதியதை அப்படியே படிக்கிறேன்: 'ராஜா ராத்திரியெல்லாம் பொணம் தூக்குறான். விடிஞ்சதும் சிம்மாசனத்துல உக்காருறான். எங்க தாத்தா பொணம் எரிச்சதுக்கு டீக்கடையில தனி கிளாஸ் வச்சிருந்தாங்க. வேதாளமே, உனக்குப் பதில் தெரியுமா?'

பள்ளியில் சிவப்பு மையில் 'கதையில் இல்லாதது' என்று எழுதிப் பாதி மதிப்பெண்ணை வெட்டிவிட்டார்கள்.

கதையில் இல்லாததுதான். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போக வழி விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. விக்கிரமாதித்தனை எந்த நிலக்காரனும் வழிமறித்ததாக ஒரு கதையிலும் இல்லை.

எரித்துவிடலாம் என்கிற தோழருக்கு ஒன்று. 1927 டிசம்பர் 25இல் மகாடில் மனுஸ்மிருதியை எரித்தவர் அம்பேத்கர். உட்கார்ந்து அவர்கள் நூல்களைப் படித்து, புதிர் புதிராகக் கேள்வி எழுதி வைத்தவரும் அவரேதான். அந்தக் கையெழுத்துப்படியை மகாராஷ்டிர அரசு 1987இல் அச்சிட்டபோது, ராமன் - கிருஷ்ணன் பகுதியை எடுக்கச் சொல்லிச் சிவசேனை தெருவில் இறங்கியது. முப்பது வருசத்துக்கு முன்னாடி செத்துப்போனவர் கேட்ட கேள்விக்கு அவ்வளவு பயம்.

மதிப்பெண் விசயத்துக்கு வருகிறேன், அது சின்ன விசயமில்லை. நம்ம பிள்ளைக்கு ஒவ்வொரு மார்க்கும் வேணும். பள்ளிக்கு ஒன்று, படிப்பகத்துக்கு ஒன்று என்று ரெண்டா எழுதச் சொல்லலாமே என்றார் ஒரு தோழர். அந்தப் பிள்ளையிடமே கேட்டோம். 'அப்போ எனக்குத் தலை வெடிக்காதா?' என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுடைய அம்மாவும் ஒத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறோம். எந்த விதிப்படி குறைத்தார்கள் என்று எழுதிக் கேட்கப் போகிறோம். நோட்டு அவளிடம் இருக்கிறது. கூட வருகிற தோழர்கள் இப்போதே பெயர் கொடுங்கள்.