குளமா, தாங்கியா, டாங்கியா?



அண்மையில் கிளிநொச்சியில் ஒரு பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். கமக்காரர் ‘டாங்க்’ ஒன்றைத் திருத்தியதாக ஓர் ஆங்கில வசனம். பிள்ளை அகராதியைப் பார்த்து, ‘கமக்காரர்கள் யுத்த டாங்கியைத் திருத்தினார்கள்’ என்று தமிழில் எழுதியிருந்தாள். ரீச்சர் சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தார். எனக்கோ, பிழை பிள்ளையுடையதா அகராதியுடையதா என்று யோசனை வந்தது. இன்றைக்கு அந்த அகராதிக் கலையைத்தான் கொஞ்சம் எடைபோட்டுப் பார்க்கப் போகிறோம்.

ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுகிறவர் இரண்டு காரியம் செய்யவேண்டும். அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்று சொல்லவேண்டும். அந்த இனத்தில் மற்றவற்றிலிருந்து எதனால் வேறுபடுகிறது என்றும் சொல்லவேண்டும். தண்ணீர் டாங்க், பெற்றோல் டாங்க், மீன் வளர்க்கும் டாங்க் மூன்றுக்கும் இது சுலபம். மூன்றும் திரவம் கொள்ளும் கலம். உள்ளே இருப்பதுதான் வேறு.

யுத்த டாங்க் இந்த வரிசையில் நிற்காது. அது 1916இல் பிரித்தானியர் களமிறக்கிய வண்டி. இரகசியம் வெளியே போகாதிருக்க, செய்வது ஏதோ தண்ணீர்க் கலம் என்று வெளியில் சொல்லிவைத்தார்கள். மறைக்க வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அறிஞர் கூடி ஆலோசனை சொல்லும் ‘திங்க் டாங்க்’கில் நீருமில்லை, இரும்புமில்லை, தமிழில் அது சிந்தனைக் குழாம். ஒரே சொல்லைப் பங்குபோட்டுக்கொள்வதால் பொருள்கள் உறவாகிவிடுவதில்லை என்பதுதான் அகராதிக்காரர் படிக்கும் முதற் பாடம்.

இந்தச் சொல்லுக்கு வன்னியைப் போலப் பரீட்சை வைக்கும் ஊர் வேறு இருக்குமா தெரியாது. கண்டி வீதியில் கிளிநொச்சிக்குள் வந்தவர்கள், போரில் சரிந்து விழுந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கியைக் கண்டிருப்பார்கள். ஆனையிறவில் காட்சிக்கு வைத்திருக்கும் கவச வண்டியைப் பார்த்து ‘டாங்கி’ என்கிறவர் பலர். உண்மையில் அது கவசம் பூட்டிய புல்டோசர். தோற்றத்தைப் பார்த்துப் பெயர் வைத்தால் இப்படித்தான் தவறும். கிளிநொச்சிக்கு அருகே கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுவும் இருக்கிறது. 1902இல் வேலை தொடங்கிய குளம். இலங்கை ஆங்கிலத்தில் அதுவும் ‘டாங்க்’தான்.

அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனதே நம் பக்கத்திலிருந்துதான் என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள். குஜராத்தி, மராத்தி வழக்குகளும் போர்த்துக்கேயச் சொல்லும் கலந்து உருவானதாம். அப்படிப் பார்த்தால் நீர்த்தேக்கம் என்பதே மூத்த பொருள். யுத்த டாங்கி அதற்கு மிகவும் பின்னால் வந்த பிள்ளை.

தமிழ் இதை எப்படிச் சமாளித்தது? ஈழத்து வழக்கைப் பாராட்டத்தான் வேண்டும். தண்ணீர் நிற்பது தாங்கி, மீன் நிற்பது தொட்டி, சண்டைக்குப் போவது டாங்கி, வயலுக்கு நீர் கொடுப்பது குளம். ‘தாங்கு’ என்ற வினை ஏற்கெனவே நம்மிடம் இருந்ததால், ‘தாங்கி’ ஒலியிலும் பொருந்தியது, பொருளிலும் பொருந்தியது. ஆங்கிலம் ஒரே சொல்லில் மூட்டை கட்டியதைத் தமிழ் அவிழ்த்து வெவ்வேறு இடத்தில் வைத்துவிட்டது.

ஆனால் நம் பிள்ளைகள் கையில் இருக்கும் அகராதிகளிற் பல தமிழ்நாட்டில் அச்சானவை. அங்கே பாசனத்துக்கான பெரிய நீர்நிலை ஏரி, தெற்கே கண்மாய். குளம் என்றால் பெரும்பாலும் சிறிய நீர்நிலை, அல்லது கோயிற் குளம். அங்கே மதகு என்பது இங்கே துருசு. அங்கே கலிங்கு என்பது இங்கே வான். ‘குளம் வான் பாயுது’ என்று 2018 டிசெம்பர் வெள்ளத்தில் ஊர் பதறியபோது, யாரும் ஆகாயத்தை நினைக்கவில்லை.

அகராதிக் கலை நமக்குப் புதிதல்ல. 1842இல் யாழ்ப்பாண அகராதி அச்சேறியது. உடுவிலில் பல்லாண்டு பணிசெய்த வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதி 1862இல் வந்தது. நம் காலத்தில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இலங்கை வழக்குகளைக் குறியிட்டுத் தனியே காட்டுகிறது. அது நல்ல வழி. எந்தப் பொருள் எந்த ஊரில் நடமாடுகிறது என்று சொல்லாத அகராதி பாதி வேலையே செய்திருக்கிறது என்பது என் தீர்ப்பு.

மீதிப் பாதியை நாங்கள் செய்யலாம். ஆசிரியர்களே, டாங்க் என்ற சொல் பாடத்தில் வரும் நாளில் அகராதியை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளை அருகிலுள்ள குளக்கட்டுக்குக் கூட்டிப் போங்கள். துருசு, வான், அலைகரை, வாய்க்கால் என்று ஒவ்வொன்றையும் காட்டி, அதற்குரிய ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பொருளையும் அவர்களே தங்கள் வசனத்தில் எழுதட்டும்.