வளர்ப்பு மீனின் நோயும் மூலிகைக் காப்பும்

(மன்னார்ப் பகுதிக் கமக்காரர்களுக்கான பேச்சு)



நெல்லைப் பற்றியும், கத்தரி மிளகாய் முதலிய தோட்டப் பயிர்களைப் பற்றியுமே வழக்கமாக உங்களோடு பேசுகின்றோம். இன்று மீனைப் பற்றிப் பேச வந்துள்ளோம். அதற்குக் காரணமுண்டு. மன்னாரிலே வயலும் மீனும் ஒரே நீரை நம்பி வாழ்பவை. அருவியாற்றின் நீர் கட்டுக்கரைக்குளத்தில் தேங்கி, வாய்க்கால் வழியே உங்கள் வயல்களுக்குப் பாய்கின்றது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டியதெனக் கூறப்படும் அக்குளம், நெல்லுக்கு நீரும் வீட்டுக்குக் கறியும் ஒருங்கே தருகின்றது. 1952ஆம் ஆண்டில் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீனும், றோகு, கட்லா, கெண்டை முதலியனவும் இன்று நம் குளங்களில் வளர்கின்றன. உங்களுட் சிலர் வயலோரத்திலே குட்டை வெட்டி, தவிடும் புண்ணாக்கும் இட்டு மீன் வளர்க்கின்றீர்கள். இன்று நாம் கூறப்போவது பெரும்பாலும் அத்தகைய குட்டைகளைப் பற்றியதே.

குட்டையிலே மீன் நெருக்கமாக வாழ்கின்றது. நெருக்கம் மிகுந்தவிடத்து நோயும் மிகும். மீனின் உடலிற் செந்நிறப் புள்ளிகள் தோன்றுதல், செட்டைகள் அரிக்கப்படுதல், செதில்கள் சிலிர்த்து நிற்றல், வயிறு ஊதுதல், புண் உண்டாதல் ஆகியன பற்றீரியா நோயின் அறிகுறிகள். நன்னீர் மீனுக்கு இவ்வாறு தீங்கு செய்வனவற்றுள் ஏரோமோனாசு என்னும் பற்றீரியா முதன்மையானது. அது எங்கிருந்தோ வந்து புகுவதன்று. எல்லாக் குளத்து நீரிலும் சேற்றிலும் எப்பொழுதும் உள்ளதே. மீன் நலமாயிருக்கும்வரை அது வாளாவிருக்கும். வெயிலால் நீர் வற்றிச் சூடேறும்போதும், எஞ்சிய இரை அழுகும்போதும், விடியற்காலையில் நீரிற் பிராணவாயு குறையும்போதும் மீன் தளர்ந்துவிடும். அப்பொழுதே அது தாக்கும்.

மீன் செத்து மிதப்பதைக் கண்டவர் மனம் பதறுவது இயல்பு. அந்தப் பதற்றத்திலே, மனிதருக்கோ கோழிக்கோ வாங்கிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைப் பொடிசெய்து நீரிற் கொட்டுவோர் உண்டு. இதனால் விளையுந் தீங்கை நீங்கள் நன்கு சிந்தித்தல் வேண்டும்.

கபிலநிறத் தத்திக்கு ஒரே பூச்சிகொல்லியைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் யாது நிகழும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மருந்துக்கு இளைத்தவை மடிய, அதைத் தாங்கவல்லவை எஞ்சிப் பெருகும். சில போகங்களில் அம்மருந்து வெறும் நீராகிவிடும். பற்றீரியாவின் கதையும் இதுவே. ஆயின் தத்தி ஒரு தலைமுறை காண வாரங்கள் ஆகும். பற்றீரியாவோ ஒரே நாளிற் பல தலைமுறை காணும். அன்றியும், மருந்தைத் தாங்கும் ஆற்றலை ஒருவகைப் பற்றீரியா வேறொருவகைக்குக் கொடுக்கவும் வல்லது. குட்டையிலிட்ட மருந்தின் பெரும்பகுதி மீனின் உடலிற் சேராது நீரிலும் சேற்றிலுமே தங்கும். அந்நீர் வாய்க்காலில் இறங்கும்; அவ்வாய்க்காலிலே நீங்கள் கால் கழுவுவீர்கள், உங்கள் பிள்ளைகள் குளிப்பார்கள். நாளை மண்வெட்டி பட்ட காலிலே சீழ் வைக்கும்போது, வைத்தியர் கொடுக்கும் மருந்து பலிக்காது போனால் என் செய்வது? மீனைக் காக்கப்போய் மனிதருக்குரிய மருந்தை இழத்தல் பெரும் நட்டமல்லவா?

ஆதலின் உலகின் பல பகுதிகளிலும் ஆய்வாளர் செடிகொடிகளை நாடியுள்ளனர். வெள்ளைப்பூண்டை, அதாவது நம் உள்ளியை, நசுக்கும்போது அல்லிசின் என்னும் பொருள் உண்டாகின்றது. முழுப்பல்லில் அது இல்லை, நசுக்கியபின்னரே பிறக்கும், கொதிக்கவைத்தாற் கெடும். 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்விலே, 100 கிராம் இரைக்கு அரைக் கிராம் முதல் 1 கிராம் வரை உள்ளி சேர்த்து, 14 நாள் திரவுட்டு மீனுக்கு ஊட்டினர். அதன்பின் ஏரோமோனாசு புகுத்தப்பட்டபோது, உள்ளி உண்ட மீன்களில் 100க்கு 4 அளவே இறந்தன. உண்ணாதவற்றில் 100க்கு 88 இறந்தன. தாய்லாந்திலே கொய்யா இலையை இரையிற் கலந்து, திலாப்பியா மீனை இதே நோயினின்றும் காக்க முயன்று பயன் கண்டனர். அது 2008இல் வெளியாயிற்று. திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் மஞ்சள், வேம்பு, துளசி ஆகிய மூன்றையும் இந்நோய்க்கெதிராகச் சோதித்துள்ளனர். இவையெல்லாம் உங்கள் வளவிலும் சமையலறையிலும் உள்ள பொருள்களே.

இவை இரண்டு வழிகளில் உதவுகின்றன. பற்றீரியாவின் மேற்சுவரைச் சிதைப்பது ஒன்று. மீனின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது மற்றொன்று. ஒரு மூலிகையிற் பல பொருள்கள் கூடி நின்று பல இடங்களிலே தாக்குவதால், பற்றீரியா அதற்கு எளிதிற் பழகிவிடுவதில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. செடியிலிருந்து வருவதெல்லாம் தீங்கற்றது என எண்ணிவிடாதீர்கள். இலுப்பைப் புண்ணாக்கைக் குளத்திலிட்டால் மீனெல்லாம் மடியும் என்பதை நம் முன்னோரும் அறிவர்; அதுவும் செடிப்பொருளே. வேப்பஞ்சாறும் அளவு மிஞ்சினால் மீனுக்கு நஞ்சாகும். மேலும், நிலத்திற்கும் பருவத்திற்கும் ஏற்ப இலையின் வீரியம் மாறுபடும். திரவுட்டு குளிர்நீர் மீன். அதற்குப் பலித்த அளவு நம் மீனுக்கும் அப்படியே பொருந்துமெனக் கொள்ளலாகாது. ஆதலின் முதலிற் சில மீன்களைத் தனித்தொட்டியில் விட்டுப் பார்த்த பின்னரே குட்டை முழுவதற்கும் கொடுத்தல் வேண்டும்.

இனிச் செய்யவேண்டுவனவற்றை முறைப்படி கூறுவோம்.

முதலாவது, நீர். குஞ்சு விடுமுன் குட்டையை வற்றவிட்டு, சேற்றை அகற்றி, சுண்ணாம்பு இட்டுக் காயவிடுக. அளவுக்கு மிஞ்சிக் குஞ்சு விடாதீர்கள். மீன் உண்டு முடிக்கும் அளவே இரை இடுக. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் திறக்குமாயின் புதுநீர் பாய்ச்சுக. பூச்சிகொல்லி தெளித்த வயலின் நீரைக் குட்டைக்குள் விடாதீர்கள்.

இரண்டாவது, காப்பு. வெயில் கடுமையாகும் காலத்துக்கு முன்னர், 1 கிலோ இரைக்கு 5 முதல் 10 கிராம் உள்ளியை நசுக்கி, பத்து நிமிடம் வைத்து, தவிட்டோடும் புண்ணாக்கோடும் பிசைந்து, அன்றன்றே இடுக. அடுப்பில் வேகவைக்க வேண்டாம். இஃது நோய் வருமுன் காக்கும் முறையேயன்றி, புண் முற்றிய மீனை எழுப்பும் மருந்தன்று.

மூன்றாவது, நோய் கண்டபின். செத்த மீனை வாய்க்காலில் எறியாது, சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்குக. உடனே உங்கள் பகுதி நீர்வாழ் உயிரின விரிவாக்க உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நக்டா அதிகாரசபை இப்பணிக்கென்றே உள்ளது. நோய் பற்றீரியாவாலா, வைரசாலா, ஒட்டுண்ணியாலா என்று அறியாமல் நுண்ணுயிர்க்கொல்லி இடுதல் வீண். வைரசை அது ஒன்றுஞ் செய்யாது. மருந்து இன்றியமையாதென அவர் கூறினால், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுத்து, குறித்த நாள் கழிந்த பின்னரே மீனைப் பிடித்தல் வேண்டும்.

இவ்வழி நடக்கக்கூடியதா என ஐயுறுவோர் நோர்வே நாட்டைப் பார்க்கலாம். 1987ஆம் ஆண்டில் அந்நாட்டு மீன் வளர்ப்போர் ஏறக்குறைய 50 தொன் நுண்ணுயிர்க்கொல்லி செலவிட்டனர். பின்னர் தடுப்பூசியும் தூய வளர்ப்பு முறையும் கைக்கொண்டனர். விளைச்சல் பன்மடங்கு பெருகியும், அண்மைய ஆண்டுகளில் அவர்கள் செலவிடும் மருந்து 1 தொன்னுக்கும் குறைவே. அவர்கள் வென்றது நோய் வருமுன் காத்ததினாலேயாம்.

வரம்பு கட்டாது வெள்ளம் வந்தபின் மண் தேடும் கமக்காரர் நம்மிடையே இல்லை. வயலில் உள்ள அந்த முன்யோசனை மீன்குட்டையிலும் இருக்கட்டும். நீரைப் பேணுங்கள், மூலிகையை அளவோடு கையாளுங்கள், மாத்திரையை வைத்தியருக்கே விட்டுவிடுங்கள். நீங்கள் இன்று கொட்டாமல் விட்ட மருந்து, நாளை உங்கள் பிள்ளையின் உயிரைக் காக்கும்.