துக்க வீட்டுக்குப் போங்கள்!

நடுவர் ஐயா அவர்களே, மணலில் உட்கார்ந்திருக்கிற காரைக்கால்மேட்டுப் பெரியவர்களே, தாய்மார்களே! துக்கம் விசாரிக்க ஊர் வருவது குடும்பத்துக்கு ஆறுதலா, தொந்தரவா? ஆறுதலே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணிச் சகோதரி உருக்கமாகப் பேசினார். வருகிற ஆளெல்லாம் "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்கிறார்களாம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அதே கதையை நாற்பது பேரிடம் சொல்ல வேண்டியிருக்கிறதாம். கொடுமையாம்! அம்மா, அந்த நாற்பது பேர்தான் மருந்து. முதல் ஆள் கேட்கும்போது அவளுக்கு வாயே எழாது. பத்தாவது ஆளிடம் பாதி சொல்வாள், மீதியை அழுவாள். இருபதாவது ஆள் வரும்போதுதான், "காலையில இட்லி கேட்டான், நான் திட்டி அனுப்பிட்டேனே" என்று அதுவரைக்கும் யாரிடமும் சொல்லாததைச் சொல்வாள். நாற்பதாவது ஆளிடம், அவன் சின்ன வயசில் செய்த சேட்டையைச் சொல்லி, அழுகைக்கு நடுவே கொஞ்சம் சிரிப்பாள். இருபதாவது ஆளை வாசலிலேயே நிறுத்தியிருந்தால், திட்டி அனுப்பிய அந்தக் காலை நேரம் அவள் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து அவளைத் தின்றிருக்கும். அவளைக் காப்பாற்றியவர் பெயர் தொந்தரவா?

படித்தவர்கள் கவுன்சலிங் போவார்கள், இதெல்லாம் பட்டிக்காட்டுப் பழக்கம் என்றும் சொன்னார்கள். எங்கே வந்து சொன்னார்கள்? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பார்த்த ஊரில் வந்து சொன்னார்கள். இந்த மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று வரிசையாக வாரிக்கொண்டு போன சுனாமிக் கடல் அது. அதற்குப் பிறகு பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்து மனநல வல்லுநர்கள் தமிழகக் கரைக்கும் புதுச்சேரிக் கரைக்கும் வந்தார்கள். குடிசைக்கு ஒரு டாக்டரைப் போட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் சாதாரண ஆட்களைக் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். என்ன பயிற்சி? வீட்டுக்குப் போ. பக்கத்தில் உட்கார். பேசவிட்டுக் கேள். அழுதால் அழவிடு. நாட்டின் பெரிய மனநல நிறுவனம் நடத்திய அந்தப் பாடத்தை, பள்ளிக்கூடமே போகாத நம் ஆயாக்கள் எத்தனையோ தலைமுறையாகத் துக்க வீட்டு வாசலில் நடத்திக்கொண்டிருக்கிறார்கள் ஐயா!

இன்னொன்றைக் கேளுங்கள். இந்தக் கரையில் ஒருத்தர் கண்ணை மூடினால் அன்றைக்கு ஊரில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. செத்தவர் பஞ்சாயத்தாரா, வலை தைக்கிற கிழவரா என்று பார்ப்பதில்லை. மீன்பாடு நன்றாக இருக்கிற நாளாகவே இருக்கட்டும். டீசல் கடன் நிற்கும், ஐஸ் கடன் நிற்கும், வட்டி மட்டும் நிற்காது. அப்படியும் படகு கரையில்தான். ஒரு குடும்பத்தின் இழவுக்கு ஊரே ஒரு நாள் சம்பாத்தியத்தைக் கொடுக்கிறது. மும்பைப் பங்குச் சந்தையைக் கேட்டுப் பாருங்கள், ஒரு கூலித் தொழிலாளி செத்ததற்காக ஒரு மணி நேரம் கதவைச் சாத்துமா? நம் காரைக்கால்மேடு சாத்தும்! (கை தட்டுங்கள், உங்களுக்காகத்தான் தட்டச் சொல்கிறேன்.)

எதிரணித் தலைவர் யோசனை சொன்னாரே, "கைபேசியில் ஓர் இரங்கல் அனுப்பினால் போதாதா?" என்று! என்ன இரங்கல்? ஆர்.ஐ.பி. மூன்றே எழுத்து. செத்தவருக்காக ஒரு முழு வார்த்தை எழுதக்கூட விரலுக்கு நேரமில்லை. கீழே கைகூப்புகிற பொம்மை. அதே பொம்மைதான் ஓட்டுக் கேட்கவும், அதே பொம்மைதான் மொய் வைக்கக் கூப்பிடவும். அடுத்த நிமிஷம் அதே குழுவில் பிறந்தநாள் கேக்! துக்க வீட்டில் அடுப்பு எரியாது தலைவரே. பசித்து நிற்கிற பிள்ளைக்கு உங்கள் பொம்மை ஒரு டம்ளர் காப்பி போடுமா? பக்கத்து வீட்டு அக்கா போடுவாள். கேட்காமலே போடுவாள்.

காரைக்கால் அம்மையாரையும் இழுத்தார்கள். புருஷன் விட்டுப் போனபின் தனியாகத்தானே கயிலைக்கு நடந்தார் என்றார்கள். மாங்கனித் திருவிழா நடக்கிற ஊரில் இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். கயிலை போனவர் அங்கேயா தனித்து இருந்தார்? திருவாலங்காட்டுக்கு வந்து, பேய்க்கூட்டத்தின் நடுவிலே, ஆடுகிற சிவன் காலடியில் அல்லவா இடம் பிடித்தார்! எங்கள் அம்மைக்குப் பேயாவது துணை வேண்டியிருந்தது. நீங்கள் மனுஷனே வேண்டாம் என்கிறீர்கள்.

விதவைக்குப் பொட்டழிப்பது, வளையல் உடைப்பதெல்லாம் கொடுமை இல்லையா என்று கேட்டார்கள். கொடுமைதான், ஒழிக்க வேண்டியதுதான். மகாராஷ்டிரத்தில் ஹேர்வாட் ஊராட்சி 2022இல் தீர்மானம் போட்டு அந்த வழக்கங்களைத் தடை செய்தது. துக்கம் கேட்க வருகிறவர்களையா தடை செய்தது?

யாரும் வராவிட்டால் எப்படியிருக்கும் என்பதையும் பார்த்துவிட்டோமே! 2020 ஊரடங்கில் சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றது அரசு. நோய்க்காக வந்த சட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே அழுத குடும்பங்களைக் கேளுங்கள், விடுதலையாக இருந்தது என்று ஒரு வீடாவது சொல்லுமா? கடல் உடலைக்கூடத் திருப்பித் தராத வீடுகளையும் நினைத்துப் பாருங்கள். 2017 ஒக்கி புயலில் குமரிக் கரையில் அப்படி எத்தனையோ வீடுகள். குளிப்பாட்ட உடல் இல்லை, மண் போடக் குழி இல்லை. வந்து உட்கார்ந்த மனுஷர்களைத் தவிர அந்த வீட்டில் வேறு என்ன இருந்தது?

"ஒரு நாள் வருவார்கள், அப்புறம் யார்?" என்பது அவர்களுடைய கடைசிக் கேள்வி. பக்கத்து நாகப்பட்டினத்தைப் பாருங்கள். சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் அன்னை சத்யா இல்லத்தில் வளர்ந்தார்கள். ஆட்சியராக இருந்த ராதாகிருஷ்ணன் மாறுதலாகிப் போன பிறகும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்க வந்தார். 2022இல் அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் கல்யாணத்தை முன்னின்று நடத்திவைத்தார். துக்கம் கேட்க வந்தவர் கல்யாணம் வரைக்கும் வந்தார் ஐயா!

ஊர்க்காரர்களே, டிசம்பர் 26 அன்று கடற்கரையில் பூப்போட்டுவிட்டு நேரே வீடு திரும்பாதீர்கள். பிள்ளையை இழந்த தாய் இன்னும் இந்தத் தெருவில் இருக்கிறாள். இத்தனை வருஷம் கழித்து எதற்குக் கிளற வேண்டும் என்று தயங்காதீர்கள். அவள் மறந்திருந்தால்தானே நீங்கள் கிளறுவதற்கு? போய் உட்காருங்கள். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். துக்கம் விசாரிப்பது ஆறுதலே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே.